அமெரிக்காவில் சிகரெட் வாங்குபவருக்கு வயது வரம்பு 18-ஆ, 21-ஆ? மாநிலச் சட்டமும் ஃபெடரல் சட்டமும் வேறுபட்டால் எதைப் பின்பற்றுவது?

21. பெட்ரோல் பங்க் கடையில் கவுன்டர் வேலைக்குச் சேரப்போவதாகவும், உங்கள் மாநிலச் சட்டத்தில் 18 என்று பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பழைய வரி திருத்தப்படாமல் கிடந்தாலும் அதை நம்பி விற்க முடியாது. 2019 டிசம்பர் 20 அன்று கையெழுத்தான ஃபெடரல் சட்டம் அன்றே நாடு முழுக்க நடைமுறைக்கு வந்துவிட்டது. ராணுவத்தில் இருக்கும் 19 வயதுக்காரருக்கும் விலக்கு இல்லை. சிகரெட்டோடு சுருட்டு, மெல்லும் புகையிலை, ஹூக்கா, வேப் (மின் சிகரெட்) எல்லாம் இதில் அடக்கம்.

பலர் குழம்புவது 30 என்ற எண்ணில். 2024 செப்டம்பர் 30 முதல், 30 வயதுக்குக் கீழ் உள்ள எவரிடமும் போட்டோவும் பிறந்த தேதியும் உள்ள ஐடியைப் பார்த்த பிறகே விற்க வேண்டும் (அதற்கு முன் 27). வாங்குபவருக்கு வேண்டிய வயது 21-தான். 30 என்பது ஐடி கேட்பதற்கான கோடு. முகத்தைப் பார்த்து வயதைக் கணிப்பதில் எல்லோரும் ஏமாறுவார்கள், அதனால் நரை தெரியாத எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள்.

ஸ்கேனர் தேதியை மட்டும்தான் படிக்கும். போட்டோவில் இருப்பவரும் எதிரில் நிற்பவரும் ஒருவர்தானா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் பாஸ்போர்ட்டை நீட்டினால் இன்னொரு சிக்கல்: இந்தியப் பாஸ்போர்ட்டில் நாள் முதலில், மாதம் பிறகு. 05/11/2004 என்பது நவம்பர் 5. அமெரிக்கப் பழக்கத்தில் அதை மே 11 என்று படித்து 2025 ஆகஸ்டில் விற்றிருந்தால், 20 வயதுக்காரருக்கு விற்றதாகிவிடும்.

ஊர்ச் சட்டம் எங்கே நுழைகிறது? 2009-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், விற்பனை விஷயத்தில் மாநிலமும் நகரமும் இதைவிடக் கடுமையாகப் போகலாம் என்று விட்டுவைத்திருக்கிறது. தளர்த்த மட்டும் முடியாது. மாசசூசெட்ஸில் உள்ள நீடம் 2005-லேயே 21-க்குப் போன ஊர். பக்கத்திலுள்ள புரூக்லைன் இன்னும் ஒரு படி மேலே: 2000 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவருக்கு எந்த வயதிலும் விற்கக் கூடாது. மாநில உச்ச நீதிமன்றமும் 2024-ல் அதைச் சரி என்றது. ஆக, அங்கே 21 கணக்கு மட்டும் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். மாசசூசெட்ஸில் மென்தால் உட்பட வாசனை சேர்த்த எதையும் சாதாரணக் கடையில் விற்க முடியாது. நியூயார்க் நகரத்தில் பாக்கெட்டுக்குக் குறைந்தபட்ச விலையே உண்டு. உங்கள் ஊர் விதி என்ன என்பதை நகரச் சுகாதாரத் துறையிடமே கேளுங்கள். கடை முதலாளி சொல்வது பழைய தகவலாக இருக்கலாம்.

சோதனை எப்படி என்றால், எஃப்.டி.ஏ. (புகையிலை விற்பனையைக் கண்காணிக்கும் ஃபெடரல் அமைப்பு) சார்பில் வயது குறைந்த ஒருவர் சாதாரண வாடிக்கையாளர் போல வந்து கேட்பார். அப்போது உங்களுக்கு எதுவும் தெரியாது, கடிதம் பிறகு வரும். முதல் முறை எச்சரிக்கை. 12 மாதத்துக்குள் மறுபடி சிக்கினால் அபராதம்: சட்டத்தில் 250 டாலரில் தொடங்கி, 48 மாதத்துக்குள் 6-ஆவது மீறலுக்கு 10,000 வரை. விலைவாசிக்கேற்ப இந்தத் தொகைகள் ஏறிக்கொண்டே வந்திருக்கின்றன. 36 மாதத்தில் 5 மீறல் சேர்ந்தால் புகையிலை விற்பதற்கே தடை போடலாம். ஃபெடரல் அபராதம் கடைக்குத்தான்; ஆனால் கவுன்டரில் நிற்பவருக்கும் தனியே அபராதம் போடும் மாநிலங்கள் உண்டு. வேலையில் சேருமுன் உங்கள் மாநிலத்தில் அது எப்படி என்று பார்த்துவிடுங்கள்.