நடுவானில் கருவி பழுது: டிஸ்பேச்சர் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது?

கேள்வி: விமான நிறுவனம் ஒன்றில் டிஸ்பேச்சர் (தரையிலிருந்து விமானப் பயணத்தைத் திட்டமிட்டுக் கண்காணிப்பவர்) பயிற்சியில் இருக்கிறேன். பறக்கும் விமானத்திலிருந்து "கருவி வேலை செய்யவில்லை" என்று கேப்டன் கூப்பிட்டால் முதலில் என்ன கேட்பது? மெயின்டெனன்ஸ் கண்ட்ரோலை (பழுதுபார்ப்புப் பிரிவை) உடனே லைனில் இணைத்துவிடலாமா?

பதில்: "செக்லிஸ்ட் முடிந்ததா, கேப்டன்?" இதுதான் முதல் கேள்வி. முடியவில்லை என்றால், "முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள், லைனில் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஒருவர் விமானத்தை ஓட்ட, மற்றவர் க்யூஆர்எச் என்ற, பழுது நேர்ந்தால் செய்யவேண்டியதைச் சொல்லும் விரைவுக் கையேட்டை வரிவரியாகப் படித்துச் செய்துகொண்டிருப்பார். நீங்கள் இடையில் பேசினால் ஒரு வரி விட்டுப்போகலாம்.

முடிந்ததும் நான்கு விவரம் போதும்: எது போயிற்று, விமானம் கட்டுக்குள் இருக்கிறதா, எரிபொருள் எவ்வளவு, எங்கே இறங்க நினைக்கிறார். நீங்கள் தரும் எண்களை ஏகார்ஸில் (விமானத்துக்கு எழுத்துச் செய்தி அனுப்பும் அமைப்பு) எழுத்தாகவும் அனுப்புங்கள். காதில் தவறாக விழாது, கை ஓயும்போது படித்துக்கொள்வார்கள். ஒரு செய்தித் துண்டில் (பிளாக்) 220 எழுத்துக்குறிகள்தான் அடங்கும் என்பதால் "ஓடுபாதை, நீளம், காற்று, ஈரமா காய்ந்ததா" என்று சுருக்கமாக அடியுங்கள். ஃபிளாப் (இறங்கும்போது நீட்டும் இறக்கை மடிப்பு) இறங்காவிட்டால் இறங்கும் வேகம் கூடும், ஓடுபாதையும் கூடுதலாக வேண்டும். கேபின் அழுத்தம் போனால் 10,000 அடிக்கு இறங்கிப் பறக்கவேண்டி வரும், எரிபொருள் வேகமாகக் கரையும். இந்தக் கணக்குகளை அவர் கேட்கும் முன்பே போட்டு வையுங்கள்.

புதியவர்கள் உடனே எம்இஎல்லை (எந்தக் கருவி பழுதாக இருந்தாலும் புறப்படலாம் என்ற பட்டியல்) திறந்து, "இது இல்லாமலும் பறக்கலாம், தொடருங்கள்" என்பார்கள். அது பெரிய பிழை. எம்இஎல் புறப்படுவதற்கு முன் பார்ப்பது. பறக்க ஆரம்பித்தபின் வழிகாட்டுவது க்யூஆர்எச்சும் கேப்டனின் முடிவும்தான்.

மெயின்டெனன்ஸை இணைப்பது பற்றிச் சொல்ல, அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 விமான விபத்தின் பேச்சுப்பதிவை விட நல்ல பாடம் இல்லை. 2000 ஜனவரி 31, எம்டி-83 விமானம், மெக்சிகோவின் புவேர்ட்டோ வல்லார்ட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு. வாலில் உள்ள, மூக்கை ஏற்றி இறக்கிச் சமநிலைப்படுத்தும் ஸ்டெபிலைசர் இறுகி நின்றுவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் இறங்க கேப்டன் விரும்பினார். பாதுகாப்புக்காக என்றால் இறங்குங்கள் என்ற டிஸ்பேச்சர், கூடவே, அப்படி இறங்கினால் சான் பிரான்சிஸ்கோவின் ட்ராஃபிக் கட்டுப்பாட்டால் ஒரு மணி முதல் ஒன்றரை மணி தாமதமாகும் என்றும் சொன்னார். அந்தத் தகவல் கேப்டனுக்கு அப்போது எதற்கும் உதவாது. அழுத்தமாகத்தான் போய்ச் சேரும். அட்டவணைப் பேச்சை, விமானம் தரையில் நின்றபின் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் மெக்கானிக்குடன் பேச்சு: இந்த ஸ்விட்ச் முயன்றீர்களா, அந்தக் கைப்பிடி முயன்றீர்களா என்று. 16:09-க்கு ஸ்டெபிலைசர் திடீரென அசைந்தது. 31,050 அடியிலிருந்த விமானம் சுமார் 80 வினாடிகளில் 24,000 அடிக்கும் கீழே பாய்ந்தது. ஒருவழியாக நிமிர்த்தினார்கள். சில நிமிடங்களில் மறுபடி பாய்ந்து அனகாபா தீவருகே கடலில் விழுந்தது. 88 பேரும் இறந்தார்கள். ஸ்டெபிலைசரை அசைக்கும் திருகான ஜாக்ஸ்க்ரூவுக்குப் போதிய கிரீஸ் இல்லாமல் நட்டின் மரை முழுதும் தேய்ந்திருந்தது. ரேடியோவில் பேசிய யாருக்கும் அது தெரிய வழியில்லை.

ஆகவே மெயின்டெனன்ஸை இணையுங்கள், ஆனால் கேப்டன் கேட்டால் மட்டும், செக்லிஸ்ட் முடிந்தபின் மட்டும். சர்க்யூட் பிரேக்கர் எங்கே இருக்கிறது என்பது போன்ற தகவலுக்குச் சரி. கட்டுப்பாட்டுக் கருவிகளில் பழுது என்றால், விமானம் கட்டுக்குள் இருக்கும்வரை செக்லிஸ்டுக்கு அப்பால் எதையும் தொட்டுப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் தகுந்த நிலையத்தில் இறங்குங்கள் என்பதே அந்த விபத்துக்குப்பின் அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி சொன்னது. மெக்கானிக் "இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்" என்று தொடங்கினால் நடுவில் புகுந்து நிறுத்துங்கள். அது உங்கள் வேலைதான்.

பேசியதையெல்லாம் நேரத்தோடு குறித்து வையுங்கள். அமெரிக்க விதிப்படி வானொலித் தொடர்புப் பதிவை 30 நாளாவது வைத்திருக்க வேண்டும். அதே விதிகளின்படி, உடனடி முடிவு தேவைப்படும் ஆபத்தில் கேப்டனைத் தொடர்புகொள்ளவே முடியாவிட்டால் எமர்ஜென்சி அறிவிக்க வேண்டியவர் நீங்கள். யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.