கோலாலம்பூர் செந்தூலில் 5 பேருக்கு வாரம் 150 வெள்ளி

அக்கா, 5 பேர் சாப்பாட்டுக்கு வாரம் 150 வெள்ளி (ரிங்கிட்), வியாழக்கிழமையே கை காலி, பிள்ளைகளோ கோழி இல்லாமல் சோற்றைத் தொடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். கோழியை நிறுத்தாதீர்கள். துண்டு போட்ட பொட்டலத்தை விட்டுவிட்டு முழுக்கோழியாக வாங்குங்கள். நெஞ்சுக்கறி ஒரு நாள் பிரட்டல். தொடையும் காலும் உருளைக்கிழங்கு நிறையப் போட்டுக் குழம்பு. கழுத்து, முதுகெலும்பு, இறக்கை நுனியை மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம். எங்கள் வீட்டில் சண்டையே அந்த ரசத்துக்குத்தான்!

மீனுக்கு சௌக்கிட் பசார் (சந்தை). கெம்போங் (கானாங்கெளுத்தி) போதும், விலை கூடிய தெங்கிரி (வஞ்சிரம்) பக்கம் திரும்பவே வேண்டாம். கடை கட்டும் நேரத்தில் விலை பேசலாம், ஆனால் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். சிவப்பு மங்கியிருந்தால் வேண்டாம். அன்றைக்கே கழுவி, மஞ்சளும் உப்பும் தடவி, வேளைக்கு ஒரு பொட்டலமாக ஐஸ்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

எண்ணெய்க்கு 2.50 வெள்ளி மானிய விலை ஒரு கிலோ பாக்கெட்தான், கண்ணில் பட்டால் எடுத்துவிடுங்கள். வியாழக்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் பருப்பும் கங்கோங் கீரையும், தெம்பே (புளிக்கவைத்த சோயா) நெத்திலி சம்பலும். மலிவு என்று மெகி நூடுல்ஸை மட்டும் அடுக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் திரும்பவும் “அம்மா, பசிக்குது” என்று வந்து நிற்பார்கள்.