இலவசம் என்று சேர்த்துக்கொண்ட போட்டோ தளம் விதியை மாற்றினால், பழைய பயனர்களுக்கும் அது பொருந்துமா? நாம் என்ன செய்யலாம்?

பொருந்தும். நாம் 'சம்மதம்' அழுத்திய விதிமுறையிலேயே, பின்னால் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் அநேகமாக எழுதி வைத்திருப்பார்கள். ஏற்கெனவே ஏற்றிய படங்களை என்ன செய்யப்போகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். தளத்தின் யோக்கியதை அங்கேதான் தெரியும்.

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் புதிய படங்களை, கணக்கு ஒன்றுக்கு இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தின் கணக்கில் சேர்த்தது. அதற்கு முன் சுருக்கிய தரத்தில் ஏற்றியவற்றைத் தொடவில்லை. கொடுத்த வாக்கைப் பழைய படங்கள் வரைக்குமாவது காப்பாற்றினார்கள். போட்டோபக்கெட் 2017-ல் திடீரென்று, வேறு தளங்களில் படத்தைக் காட்ட வேண்டுமானால் ஆண்டுக்கு 399.99 டாலர் கட்டு என்றது. எத்தனையோ பேரின் பழைய பதிவுகளில் படம் இருந்த இடத்தில் பணம் கேட்கும் அட்டைதான் நின்றது. ஃபிளிக்கர் 2013-ல் 1 டிபி (சுமார் ஆயிரம் ஜிபி) இலவசம் என்றது. 2018-ல் ஸ்மக்மக் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனபின் இலவசக் கணக்குக்கு 1000 படம்தான் என்று அறிவித்து, அதற்கு மேல் இருப்பதைப் பழைய படத்திலிருந்து அழிப்போம் என்றது.

பழையதிலிருந்து அழிப்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. வேறு பிரதி இல்லாமல் போயிருப்பது பழைய படம்தானே?

நாங்கள் குமுளிக்காரர்கள். மங்கலதேவி கண்ணகி கோயில் வருசத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமிக்குத்தான் திறக்கும். இடிந்த கருங்கல் சுவரை ஒட்டி எங்கள் அப்பத்தா நிற்கிற படம் ஒன்று இருக்கிறது. கையில் கண்ணாடி வளையல், முந்தானை முழுக்க ஜீப் புழுதி. அப்பத்தா இப்போது இல்லை. எடுத்த போனும் எப்போதோ போய்விட்டது. சித்தப்பா மகன் இணையத்தில் ஏற்றி வைத்ததுதான் மிச்சம். இப்படி ஒரு படத்துக்கு 'முப்பது நாளில் நீக்கப்படும்' என்று மெயில் வந்தால் எந்த வீட்டுக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும்.

மெயில் வருவதற்கு முன்பே இறக்கி வையுங்கள். கூகுளில், நாம் ஏற்றியதையெல்லாம் இறக்கிக்கொள்ள 'டேக்அவுட்' என்ற வசதி இருக்கிறது. மொத்தத்தையும் ஒரே கோப்பாகக் கேட்காமல் 2 ஜிபி துண்டுகளாகக் கேளுங்கள். எங்கள் பக்கம் தென்மேற்கு மழை பிடித்தால் கரண்டும் நெட்டும் மாறி மாறிப் போகும், பெரிய கோப்பு பாதியில் நின்றுவிடும். மலையிறங்கிக் கம்பத்தில் சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்து இறக்குகிறவர்களும் உண்டு. இறக்குவதற்குக் கூகுள் தரும் லிங்க் ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும், தள்ளிப்போடாதீர்கள். படங்களோடு ஜேசன் என்று சின்னச் சின்னக் கோப்புகள் வரும். குப்பை என்று அழித்துவிட வேண்டாம். நீங்கள் கையால் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் அதில்தான் இருக்கும்.

அதன்பின் ஒரு பிரதி ஹார்டு டிஸ்கில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், இல்லையென்றால் தரம் குறைந்துவிடும்.

கெடு நெருங்கி, இறக்கவும் நேரம் போதாது என்றால் ஒரு மாதச் சந்தா கட்டுவதில் தப்பில்லை. கட்டிய அன்றைக்கே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டு, அந்த மாதத்துக்குள் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள்.