கறுவாத்தோட்டத்தைப் பார்க்க ஏழாயிரம் ரூபாய் எதற்கு?

கேள்வி: அம்மாவைக் கொழும்பு கண் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன். மதியத்தோடு வேலை முடிந்துவிடும், திருகோணமலைக்கு இரவு பஸ்ஸில்தான் திரும்புவோம். இடையில் அருகிலுள்ள கறுவாத்தோட்டப் பகுதிப் பூங்காக்களைக் காட்ட ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. தெரிந்தவர் ஒருவர் ஓட்டோவில் எல்லா இடமும் சுற்றிக்காட்ட ரூ. 7,000 கேட்கிறார். கொடுக்கலாமா? - வாசகி, உவர்மலை

பதில்: கொடுக்காதீர்கள். கண் ஆஸ்பத்திரியிலிருந்து டவுன் ஹோல் கிட்டத்தான், அதற்கு எதிரே விஹாரமகாதேவி பூங்கா. பூங்காவின் மறுபக்கம் தேசிய நூதனசாலை. நீங்கள் பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி இவ்வளவுக்குள்ளேயே இருக்கிறது. இதற்கு ஏழாயிரமா?

'எல்லா இடமும்' என்கிறாரே, அதைக் கவனியுங்கள். "நூதனசாலை இன்றைக்குப் பூட்டு, பக்கத்து விகாரையில் யானை ஊர்வலம் இருக்கு, அங்கே போவோம்" என்று தொடங்கும், பிறகு இரத்தினக்கல் கடை, பத்திக் துணிக் கடை என்று இழுக்கும், ஒவ்வொரு வாசலிலும் அவருக்குக் கொமிஷன். தமிழில் கதைத்து, "திருகோணமலையா, என்ட மச்சானும் அங்கதான்" என்று உறவு கொண்டாடினால் இன்னும் கவனமாக இருங்கள். ஊரிலிருந்து வான் வண்டியில் கூட்டிப்போகிறவர்களும் குறைந்தவர்கள் இல்லை. தம்புள்ளை, குருநாகல் வழியே நேரே போகாமல் மாத்தளைக்குத் திருப்பினால், அங்குள்ள வாசனைத் திரவியத் தோட்டங்களில் உங்களை இறக்கத்தான். கறுவாத்தோட்டத்தில் டிக்கெட் எடுத்துப் பார்க்கிற கறுவாத் தோட்டம் எதுவும் கிடையாது, ஒல்லாந்தர் காலத்தில் இருந்ததன் பெயர் மட்டும்தான் மிச்சம்.

தூரம் போவதானால் பிக்மீ என்ற ஃபோன் செயலியில் ஓட்டோ எடுங்கள், அல்லது மீட்டர் போட்டால்தான் ஏறுங்கள். மீட்டர் பொருத்தியிருக்கும், ஆனால் போடமாட்டார்கள். ஏன் என்று கேட்க ஆளில்லாத ஊர். வீதிகளுக்கும் இரண்டு இரண்டு பெயர். பலகையில் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை, டிரைவருக்கு அது கிரீன் பாத். ஃப்ளவர் ரோட், கிரெகரிஸ் ரோட் எல்லாம் இப்படித்தான். பழைய பெயரையே சொல்லுங்கள். "அது வேற இடம்" என்று சுற்றிக்கொண்டு போக அப்புறம் வழியிருக்காது.

ஒரு விஷயத்தை மட்டும் முன்பே கேட்டு வையுங்கள். கிளினிக்கில் கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டிருந்தால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை மங்கும். அந்த நிலையில் அம்மாவை நூதனசாலைக்குக் கூட்டிப்போய் எழுத்து வாசிக்கச் சொல்வது வதை, படிக்கட்டில் கால் தவறினால் முழங்காலும் போச்சு. கறுப்புக் கண்ணாடி போட்டு, பூங்காவில் மர நிழலில் வாங்கு பார்த்து உட்கார வையுங்கள். கண் தெளிகிற நேரத்தில் நூதனசாலை மூடிவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த கிளினிக்குக்கு வரும்போது பார்க்கலாம். சொட்டு விடவில்லை என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

நூதனசாலை 1877-இல் திறந்தது, மாலை 5 மணிக்கு மூடும், பொது விடுமுறை நாட்களில் திறக்காது. முன் வளவின் பெரிய ஆலமரங்களே ஒரு காட்சி. உள்ளே, சீனக் கப்பற்படை கொண்டுவந்த, 1409-ஆம் ஆண்டின் காலி மும்மொழிக் கல்வெட்டைத் தவறவிடாதீர்கள். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். தெற்கே தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தென்னாவர நாயனார் என்ற தெய்வத்தைத் தமிழ்ப் பகுதி போற்றுகிறது. அறுநூறு வருடத்துக்கு முன் சீனத்துக் கப்பல்காரனுக்குத் தமிழில் எழுத வேண்டும் என்று தெரிந்திருக்கிறது, இன்றைக்கு ஒரு அறிவிப்புப் பலகையைத் தமிழில் பிழையில்லாமல் எழுதுவிக்க நாம் மனுக் கொடுக்க வேண்டியிருக்கிறது!

கால் ஒத்துழைத்தால் சுதந்திர சதுக்கத்துக்கு ஓட்டோவில் போங்கள், நடக்க வைக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் பழைய குதிரைப் பந்தயத் திடல்தான் போர்க்காலத்தில் விமான ஓடுபாதையாக இருந்தது. 1942 ஏப்ரல் 5-இல் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டபோது இங்கிருந்தும் விமானங்கள் எழும்பின. நான்கு நாளில் அடி எங்கள் திருகோணமலைக்கு வந்தது. அம்மா அந்தக் கதையைத் தன் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கக்கூடும்.

கறுவாத்தோட்டம் தூதரகங்கள், மந்திரிமார் வீடுகள் நிறைந்த இடம், அந்த வாசல்களைப் படம் எடுக்காதீர்கள். இருவரும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். பூங்காக் கழிப்பறைகளை நம்பாமல் ஆஸ்பத்திரியிலோ நூதனசாலையிலோ போய்விடுங்கள். திரும்ப, பூங்காவை ஒட்டிய பொது நூலகத்துக்குக் கிட்ட 138 பஸ் ஏறினால் புறக்கோட்டை. மாலை நெரிசலில் அம்மாவுக்கு சீட் கிடைக்காது என்று தோன்றினால் அதற்கும் மீட்டர் ஓட்டோதான். ஊர் பஸ்ஸுக்கு சீட்டைப் போகிற அன்றே புக் பண்ணிவிடுங்கள்.