ஒரு சக்கரம் மட்டும் சூடாகிறது, பேட் மாற்றியும் தீரவில்லை: காலிப்பரை மாற்றலாமா?

முன்பக்க இடது சக்கரம் கொதிக்கிறது, வண்டி இடப்பக்கமாக இழுக்கிறது, புது பிரேக் பேட் போட்டும் சரியாகவில்லை, காலிப்பரை (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்திப் பிடிக்கும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் பிளீடர் நிப்பிளை, அதாவது காலிப்பரிலிருந்து பிரேக் ஆயிலை வெளியே விடும் சிறு திருகைத் திறந்து ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு ஸ்பேனர், ஒரு சிறிய ரப்பர் குழாய், ஒரு காலி பாட்டில் போதும். அதைச் செய்யாததால் பேடுக்கும் காலிப்பருக்கும் நான் வீணாகப் பணம் கொடுத்தேன்.

நான் இருப்பது நாகப்பட்டினத்தில். கார் பன்னிரண்டு ஆண்டு ஓடியது. ஒருநாள் தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது, திருவாரூரைத் தாண்டியபின் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி உருளாமல் தேங்கியது. இறங்கினால் வலது முன் சக்கரத்தில் கருகிய வாடை. விரலைத் தண்ணீரில் நனைத்து ரிம்மின் நடுவில் ஒரு சொட்டு உதறினேன். சுர்ரென்று ஆவியாகிவிட்டது. இடது சக்கரத்தில் அதே சொட்டு சும்மா வழிந்தது. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்பதற்கு அந்த வித்தியாசமே போதும். (சொட்டுதான். கொதிக்கும் டிஸ்க் மீது பாட்டிலோடு தண்ணீரைக் கவிழ்த்தால் அது கோணலாகலாம், வெடிப்பும் விடலாம்.)

மறுநாள் காலை பட்டறையில் தூக்கிச் சுற்றினால் சக்கரம் தடையில்லாமல் சுழன்றது! எதற்கும் இருக்கட்டும் என்று பேட் மாற்றினார்கள். ஒரு வாரத்தில் பழைய கதை. காலிப்பரை மாற்றினார்கள். அதன் பிறகும் அதே வாடை. மூன்றாவதாக வேறொரு பெரியவரிடம் போனேன். சக்கரத்தைத் தூக்கியதும், "தம்பி, உள்ளே உட்கார்ந்து பிரேக்கை நாலைந்து முறை நன்றாக அழுத்தி விடுங்கள்" என்றார். காலை எடுத்தபின் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. நிப்பிளில் குழாயை மாட்டி அரைச்சுற்றுத் திறந்தார். பிரேக் ஆயில் பீச்சி அடித்தது, அந்த நொடியே சக்கரம் விடுபட்டது. "பிஸ்டன் மேல் பழி போடாதீர்கள், ஹோஸைப் பாருங்கள்" என்றார். பிஸ்டன் என்பது காலிப்பருக்குள் இருந்து பேடைத் தள்ளும் உருளை.

காரணம் இதுதான். காலிப்பருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பியோ வெளியிலிருந்து நெரிபட்டோ, துவாரம் சுருங்கிவிடுகிறது. நாம் மிதிக்கும்போது இருக்கும் அழுத்தம் ஆயிலை எப்படியாவது உள்ளே தள்ளிவிடும். திரும்பி வருவதற்கு அவ்வளவு பலம் கிடையாது. மிதிக்கும்போது முறுக்கிக்கொண்ட பிஸ்டன் சீல், தன் நிலைக்குத் திரும்பும் சின்ன இழுப்பு மட்டும்தான். அது போதாமல் ஆயில் காலிப்பருக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. இரவெல்லாம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து திரும்பிவிடுவதால் காலையில் சக்கரம் சுழல்கிறது. முதல் பட்டறையில் பிடிபடாததும் அதனால்தான். என் ஹோஸ் வெளியே பார்க்கப் புதிதுபோல இருந்தது. நடுவில் அதைப் பிடித்திருந்த இரும்புப் பட்டையை நகர்த்தினால், அடியில் துரு ஏறித் தடித்து ரப்பரை நெரித்துக்கொண்டிருந்தது. கடல் காற்று வீசும் ஊரில் இந்த இடத்தை முதலில் பார்க்க வேண்டும்.

நீங்கள் செய்யும்போது சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் கொடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். இலேசான உரசல் சத்தம் இயல்பு, எதிர்ப்பக்கச் சக்கரத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பிரேக்கை அழுத்தி விட்டபின் இறுகிய சக்கரம், நிப்பிளைத் திறந்ததும் விடுபட்டால் அழுத்தம் தேங்கியிருக்கிறது. நிப்பிளை மூடி, மீண்டும் இறுகவைத்து, இந்த முறை ஹோஸின் மேல்முனையில் இரும்புக் குழாய் சேரும் நட்டைத் தளர்த்துங்கள். அப்போது விடுபட்டால் தடை அதற்கு மேலே, மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பாகம்) பக்கம். விடுபடாவிட்டால் ஹோஸ்தான். மாஸ்டர் சிலிண்டர் கோளாறு ஒரு சக்கரத்தோடு நிற்பது அரிது. பல முன்சக்கர இயக்கக் கார்களில் ஒரு முன் சக்கரமும் அதற்குக் குறுக்கே உள்ள பின் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும்.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுகியே இருந்தால், அப்போது காலிப்பரைச் சந்தேகிக்கலாம். அப்போதும் உடனே புதிது வாங்க வேண்டாம். காலிப்பர் வழுக்கி நகரும் இரண்டு பின்களையும் கழற்றுங்கள். கையால் தள்ளினால் நகர வேண்டும். வறண்டோ துருப்பிடித்தோ இருந்தால் சுத்தம் செய்து, பிரேக்குக்கு உரிய சிலிக்கான் கிரீஸ் தடவி, கிழிந்த ரப்பர் உறையை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும், கூடவே கூடாது. அந்த இரண்டு பின்களும் நன்றாக நகர்ந்தும் பிஸ்டன் உள்ளே தள்ள வராவிட்டால் மட்டுமே காலிப்பருக்குச் செலவு.

பின் சக்கரம் என்றால் ஹேண்ட்பிரேக் கேபிளிலிருந்து தொடங்குங்கள். சக்கரம் தாராளமாகச் சுழன்றும் மையம் சூடாகி உறுமினால் அது பேரிங்.

ஒன்றைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சூடு ஏறினால் பிரேக் ஆயில் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிய டாட் 3 ரக பிரேக் ஆயில் 140 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடலாம். அப்புறம் பெடல் பஞ்சுபோல் தரைவரை போகும். புகை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வீடுவரை ஓட்டாதீர்கள்.

ஹோஸ்தான் என்று தெரிந்தால் இரண்டு முன்பக்கமும் சேர்த்து மாற்றி, புது ஆயில் ஊற்றி, குழாயில் சிக்கிய ஏரை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டி, அதே தண்ணீர்ச் சொட்டை இரண்டு சக்கரங்களிலும் போட்டுப் பாருங்கள். என் காரில் அன்று இரண்டு பக்கமும் வழிந்து இறங்கியது.