புதிய செயின் நழுவுவதற்குப் பழைய பல்சக்கரமே காரணமாக இருக்கலாம்

வணக்கம். கியர் சைக்கிளில் புதிய செயின் மாட்டிய மறுநாளே, மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது 'கடக்' என்று நழுவுகிறது என்றும், கடைக்காரர் மட்டமான செயினைத் தலையில் கட்டிவிட்டாரோ என்றும் எழுதியிருந்தீர்கள். அவர்மீது பழி போடுவதற்கு முன், பின்சக்கரத்தின் ஃப்ரீவீலை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத் தொகுதியை, உற்றுப் பாருங்கள்.

செயினின் கண்ணிகளை இணைக்கும் சிறு ஊசிகளான பின்களில், அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே அரை அங்குலம் இருக்கும்; ஆகவே புதிய செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் வரும். பின்கள் தேயத் தேயச் செயின் நீண்டு, தனக்கு ஏற்றபடி பற்களையும் அரித்துக்கொண்டே போகும்; அப்படித் தேய்ந்த பற்களில் புதிய செயின் சரியாகப் பொருந்தாமல் நழுவும். பழைய செயின் இன்னும் கையில் இருந்தால் அளந்து பாருங்கள். அதே 24 கண்ணிகள் அரைக்கால் (1/8) அங்குலம் கூடுதலாகக் காட்டினால், ஃப்ரீவீலும் கூடவே தேய்ந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். நீங்கள் வழக்கமாக ஓட்டும் பல்சக்கரத்தில் மட்டும் செயின் நழுவி, மற்றவற்றில் ஒழுங்காக ஓடினால் ஐயமே வேண்டாம், ஃப்ரீவீலை மாற்றிவிடுங்கள்.

என் கைப்பேசிச் செயலி இதயத்துடிப்பு முதல் எதிர்க்காற்று வரை எல்லாவற்றையும் அறிவித்தது. பற்கள் கொக்கி போல வளைந்துவிட்டதை மட்டும் அது சொல்லவே இல்லை. அதைக் கண்டுபிடித்தது என் மகளின் பள்ளி அடிக்கோல்தான்.

எல்லாப் பல்சக்கரங்களிலும் செயின் ஒரே சீரான இடைவெளியில் குதித்தால் மட்டும், பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றி, இறுகிப்போன கண்ணி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இணைத்த இடத்தில்தான் பெரும்பாலும் அது இருக்கும்.