பிஎஸ்பில ரெண்டாவது த்ரெட் போட்டா கேம் ஏன் உறைஞ்சு போகுது?

கேள்வி: அண்ணே, பிஎஸ்பிக்கு (சோனியோட கையடக்க கேம் மெஷின்) ஒரு சின்லோன் (நம்ம பிரம்புப் பந்து விளையாட்டு) கேம் சி-ல எழுதிட்டு இருக்கேன். அடுத்த லெவல் படங்களை மெமரி ஸ்டிக்ல இருந்து எடுக்க தனியா ஒரு த்ரெட் (மெயினோட சேந்து தனியா ஓடுற கோட்), ப்ரையாரிட்டி 16. மெயின் கேக்குற வரைக்கும் அது ஒரு வேரியபிளைப் பாத்துக்கிட்டு வொய்ல் லூப்ல சுத்தும். கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுது, பிஎஸ்பில ஏத்தினா முதல் ஸ்க்ரீன்லயே நின்னுடுது, ஹோம் அமுக்கியும் வெளிய வர முடியல. அந்த வேரியபிளை ஒவ்வொரு தடவையும் மெமரில இருந்தே படிக்கச் சொல்ற வாலடைல் போட்டும் பாத்துட்டேன்.
- வாசகர், மோல்மேன்

பதில்: தம்பி, வாலடைல் இதுக்கு மருந்து இல்ல. பிஎஸ்பில உங்க த்ரெட் எல்லாத்துக்கும் ஒரே சிபியுதான், ப்ரையாரிட்டி நம்பர் சின்னதா இருந்தா அதுக்குத்தான் முதல் உரிமை. கம்ப்யூட்டர் மாதிரி கொஞ்ச நேரம் உனக்கு கொஞ்ச நேரம் அவனுக்குன்னு பிரிச்சுக் குடுக்காது, ஓடுற த்ரெட் தானா தூங்கணும் இல்லன்னா அதவிட பெரிய உரிமை உள்ளது முழிக்கணும், அதுவரைக்கும் மத்ததெல்லாம் காத்துக்கிட்டேதான் இருக்கும், ஒரே நம்பர் குடுத்தாலும் இதே கதைதான். மெயின் வழக்கமா 32, ஹோம் அமுக்கி வெளிய போறதைக் கவனிக்க சாம்பிள் கோட்ல வர்ற எக்ஸிட் கால்பேக் த்ரெட் 17, உங்களோடது 16ல சுத்துது. அதான் ஹோம் கூட வேலை செய்யல.

ஜீரோல ஆரம்பிக்கிற செமஃபோர் ஒண்ணு வைங்க, அது ஒரு எண்ணிக்கை, ஜீரோவா இருந்தா கேக்குற த்ரெட் தூங்கும், சிக்னல் வந்தா முழிக்கும். லோடர், அதாவது படம் எடுக்குற உங்க த்ரெட், வெயிட்செமால தூங்கட்டும், லெவல் முடியிறப்போ மெயின் சிக்னல்செமா குடுத்து எழுப்பட்டும். சும்மா சுத்துற லூப் பேட்டரியையும் தின்னும், கரண்ட் எப்ப வரும்னு தெரியாத நம்ம ஊர்ல அது சின்ன விஷயம் இல்ல.

லோடர் நம்பரை 40 ஆக்கிடுங்க. 16லயே விட்டா படத்தை விரிக்கிற நேரம் பூரா மெயின் நிக்கும், பந்து திக்கித் திக்கிப் போகும். 40ன்னா, மெயின் ஒரு ஃப்ரேம் வரைஞ்சு முடிச்சு விபிளாங்க்குக்கு (ஸ்க்ரீன் ஒரு ஃப்ரேமைக் காட்டி முடிச்சு அடுத்ததுக்குப் போற நேரம்) காத்திருக்குற இடைவெளில அது வேலை பாக்கும். மெயின்ல அந்த விபிளாங்க் வெயிட் கட்டாயம் இருக்கணும், இல்லன்னா இப்ப லோடர் பட்டினி.

இனி லோடர் பட லிஸ்ட்டை மாத்திக்கிட்டு இருக்குறப்பவே மெயின் முழிச்சு பாதி மாறின லிஸ்ட்டைப் படிச்சிடலாம். அதுக்கு ஒண்ணுல ஆரம்பிக்கிற இன்னொரு செமஃபோர், ரெண்டு பேரும் லிஸ்ட்டைத் தொடுறதுக்கு முன்னாடி அதை வாங்கணும். ஃபைலைத் தனி பஃபர்ல (மெமரில ஒதுக்கின இடம்) முழுசாப் படிச்சப்புறம் வாங்குங்க, பாயின்டரை மட்டும் மாத்திட்டு உடனே விட்டுடுங்க, கையில வச்சுக்கிட்டு மெமரி ஸ்டிக்கைப் படிக்கவே கூடாது. ஃபங்ஷன் நடுவுல எரர்னு ரிட்டர்ன் ஆகுற இடத்துலயெல்லாம் சிக்னல் குடுத்திருக்கான்னு ஒண்ணொண்ணாப் பாருங்க, ஒரு இடத்துல மறந்தாலும் மெயின் திரும்ப வரவே வராது.